ஒன்பதுக்கு நாலு

குன்னூர்
10.6.2024

சேசு மரி சூசை துணை

அன்புத் தம்பி சவரிராஜுக்கு,

அக்கா பிரிஸில்லா எழுதுவது. நானும் அலனும் மருமகளும் ஆண்டவர் புண்ணியத்தில் சுகம். நீயும் சாராவும் சுகமாக இருக்கிறீர்களா என்று தெரியாமல்தான் பேனாவை எடுத்தேன்.

ஏண்டா, போன் என்று ஒன்று வைத்திருக்கிறாயே, அது எதற்கு? அடித்து அடித்து எனக்குத்தான் கை வலிக்கிறது. போன மாதம் ஒருநாள் எடுத்தாய். சாராவுக்கு முட்டிவலி எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "ஆமாக்கா, இங்கயும் நல்ல மழை" என்றாய். சரி, சிக்னல் கோளாறு என்று மறுபடி கேட்டால், "வச்சிடறேங்க்கா, கடையில ஆள் நிக்கறாங்க" என்று வைத்துவிட்டாய். அதோடு சரி. என் மேல் ஏதாவது கோபமா? போன பொங்கலுக்கு நான் வரவில்லை என்றா? இடுப்பைப் பிடித்துக்கொண்டு மலை இறங்கி வர எனக்கென்ன பதினெட்டு வயதா?

அலன் வாட்ஸப்பில் எழுதச் சொல்கிறான். உன்னிடம் இருப்பது பட்டன் போன். ஊருக்கெல்லாம் கடிகாரம் ரிப்பேர் செய்கிற மகராசனுக்கு ஒரு நல்ல போன் வாங்க மனசு வரவில்லை. போகட்டும். முப்பது வருஷம் பிள்ளைகளுக்குக் கடிதம் எழுதச் சொல்லிக்கொடுத்தவள் நான். நானே எழுதுகிறேன். நீயும் எழுது. எழுதாவிட்டால் சாராவுக்கு எழுதுவேன், அது உனக்கு ஆகாது.

உடம்பைப் பார்த்துக்கொள். சாராவைக் கேட்டதாகச் சொல்.

அன்பு அக்கா,
பிரிஸில்லா


ஆரணி
27.6.2024

சேசு மரி சூசை துணை

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி சவரி எழுதுவது. உன் கடிதம் வந்தது. சாராவிடமும் படித்துக் காட்டினேன். அவளுக்கு முட்டிவலி பரவாயில்லை, மாடிப்படி ஏறும்போது மட்டும் மாதாவைக் கூப்பிடுகிறாள். எனக்கு ஒரு குறையும் இல்லை.

உன் மேல் எனக்கென்ன கோபம் அக்கா? போனில் ஸ்பீக்கர் போய்விட்டது, அவ்வளவுதான். மாற்ற வேண்டும். ஆனால் உன் கையெழுத்தைப் பார்த்ததும், இதுவே நன்றாக இருக்கிறதே என்று தோன்றியது. இப்படியே எழுதிக்கொள்ளலாம். போனில் அவசரம் அவசரமாகப் பேசுவதை விட இது எவ்வளவோ மேல்.

பெரிய வேலை ஒன்று வந்திருக்கிறது. பட்டு ஜவுளி பரசுராமன் தெரியுமல்லவா, பெரிய தெருவில் மாடி வீடு? அவர் அப்பா மெட்ராஸில் ஏலத்தில் எடுத்த ஆளுயரக் கடிகாரம் கூடத்தில் நிற்கிறது. பல வருஷமாகச் செத்துக் கிடந்தது. பெண் பானுப்ரியாவுக்கு ஆவணியில் நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டார் வரும்போது கடிகாரம் ஓட வேண்டும், மணி அடிக்க வேண்டும் என்கிறார். என்னைவிட உயரமான பெட்டி, கடைக்குத் தூக்கிக்கொண்டு வர முடியாது. அதனால் மதியத்துக்கு மேல் அங்கேயே போய் வேலை பார்க்கிறேன். பெண்டுலம் பித்தளை, ஒரு சிறு பூசணிக்காய் கனம். எடைக்கல் இரண்டையும் பார்த்தால் நீயே அப்பாவின் கடிகாரக் கடையை நினைத்துக்கொள்வாய்.

வீட்டார் நல்ல மாதிரி. பரசுராமன் அப்படியும் இப்படியும் நடந்துகொண்டே பேசுவார், அது ஒன்றுதான் பேஜார். அவர் மனைவி ஸ்வர்ணலதா அம்மாவுக்கு எல்லாம் பளபளவென்று இருக்க வேண்டும். வேலை செய்கிற பாஞ்சாலை என்ற அம்மா ஒருத்தி இருக்கிறாள். காபி கொண்டுவந்தால் சுற்றிக்கொண்டு எதிரில் வந்து நின்று, என் முகத்தைப் பார்த்துத்தான் பேசுவாள். மரியாதை தெரிந்தவள்.

நம் தெருவில் முன்போல் தறிச் சத்தம் இல்லை அக்கா. ஊரே அமைதியாகிவிட்டது. உனக்கு ஆச்சரியமாக இருக்கும்.

அலனுக்கும் மருமகளுக்கும் என் ஆசீர்வாதம். குளிரில் காதை மூடிக்கொண்டு போ.

உன் தம்பி,
சவரிராஜ்


குன்னூர்
12.7.2024

சேசு மரி சூசை துணை

அன்புத் தம்பி சவரிக்கு,

கடிதம் கண்டு சந்தோஷம். இங்கே எல்லோரும் சுகம். மழை மட்டும் ஓயவில்லை. துணி காயாமல் வீடு முழுக்கக் கொடி கட்டி வைத்திருக்கிறாள் மருமகள், குனிந்து குனிந்துதான் நடக்க வேண்டியிருக்கிறது.

ஆளுயரக் கடிகாரம் என்றதும் எனக்கு அப்பா கடைதான் ஞாபகம் வந்தது. அந்த மாதிரிக் கடிகாரத்தில் மணி அடிக்கும் பகுதிக்கு முள் எங்கே இருக்கிறது என்றே தெரியாது இல்லையா? அது பாட்டுக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று தன் வரிசையில் போகும். முள்ளை நகர்த்துகிறவன் ஒவ்வொரு மணியிலும் நின்று, அது அடித்து முடிக்கும்வரை பொறுத்துத்தான் அடுத்த மணிக்குப் போக வேண்டும். அவசரப்பட்டால் முள் ஒன்று காட்டும், மணி ஒன்று அடிக்கும். நீ ஒருமுறை அப்படித் தள்ளிவிட்டு அப்பாவிடம் வாங்கிய அறை எனக்கே இன்னும் கன்னத்தில் சுரீர் என்கிறது. இப்போது நீயே பெரிய ஆள், உனக்கு நான் சொல்ல வேண்டாம்.

கோயில் மணி அடிக்கிற உபதேசியாரையும் நினைத்துக்கொண்டேன். பாவம், காது கேட்காது. நீயும் உன் கூட்டாளிகளும் அவர் பின்னாலேயே "டமாரம், டமாரம்" என்று கத்திக்கொண்டு போவீர்கள். அவர் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார். வாலுப் பையன்களாக இருந்தீர்கள்.

தறிச் சத்தம் இல்லாத ஆரணியா? நம்பவே முடியவில்லை. கைத்தறியை எடுத்துவிட்டார்கள் சரி, பவர்லூம் எங்கே போயிற்று?

போன் ஸ்பீக்கரை மாற்று. கடிதமும் எழுது. இரண்டும் வேண்டும் எனக்கு.

அன்பு அக்கா,
பிரிஸில்லா


ஆரணி
10.9.2024

சேசு மரி சூசை துணை

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் பிள்ளைகளும் நலமாக இருக்க வேண்டிக்கொள்கிறேன். நாங்கள் சுகம். பதில் தாமதமானதற்குக் கோபித்துக்கொள்ளாதே, கடிகாரம் என்னை விடவில்லை. உள்ளே பூச்சி கூடு கட்டியிருந்தது. ஒரு சக்கரத்தின் பல் தேய்ந்து போயிருந்தது, வேலூரில் சொல்லிச் செய்து வாங்கினேன்.

நிச்சயதார்த்தம் நல்லபடியாக முடிந்தது அக்கா. உன் தம்பியைப் பார்த்திருந்தால் நீ பெருமைப்பட்டிருப்பாய். பந்தல் போட, கூடம் கழுவ என்று முதல் நாள் மத்தியானம் ஒரு மணி அடித்ததுமே கடிகாரத்தை நிறுத்திவிட்டிருந்தார்கள். காலையில் நான் போய் முள்ளைச் சரியாக வைத்து ஓடவிட்டேன். வந்திருந்தவர்களில் பாதிப்பேர் பெண்ணைப் பார்க்காமல் கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பட்டு வேட்டியும் பட்டுப் புடவையுமாகக் கூடம் நிறைந்துவிட்டது. நானும் அலன் அப்பா கொடுத்த அந்தச் சந்தனக் கலர் சட்டையைப் போட்டுக்கொண்டு போயிருந்தேன்.

ஒன்பது மணிக்குத் தாம்பூலம் மாற்ற வேண்டும். மேளத்தை நிறுத்திவிட்டுப் பத்திரிகை படிக்க ஆரம்பித்தார்கள். அப்போது கடிகாரம் மணி அடித்தது. எல்லோரும் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் எழுந்து ஏதோ சொன்னார். கூடமே சிரித்தது அக்கா, அப்படி ஒரு சிரிப்பு. சிரித்துக்கொண்டே என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். இத்தனை பேர் முன்னால் எனக்குக் கூச்சமாகிவிட்டது. நானும் சிரித்துக்கொண்டு, எழுந்து நின்று எல்லோருக்கும் ஒரு கும்பிடு போட்டேன். இன்னும் சிரித்தார்கள்.

இத்தனை வருஷத்தில் ஒருநாளும் என் வேலைக்கு இப்படி ஒரு மரியாதை கிடைத்ததில்லை. அப்பா இருந்திருக்க வேண்டும்.

சாரா உன்னை விசாரித்தாள். பரசுராமன் ஐயா இனிப்பு கொடுத்தனுப்புவதாகச் சொல்லியிருந்தார், வந்ததும் அலனுக்குப் பார்சல் அனுப்புகிறேன்.

உன் தம்பி,
சவரிராஜ்


குன்னூர்
25.9.2024

சேசு மரி சூசை துணை

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதத்தை நான் படித்து, அலன் படித்து, மருமகள் படித்து, கீழ் வீட்டு டீச்சரும் படித்தாயிற்று. கும்பிடு போட்டேன் என்று எழுதியிருக்கிறாயே, அந்த இடத்தில் எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. ஆனால் அந்தப் பெரியவர் என்ன சொன்னார் என்று எழுதவில்லையே? அவ்வளவு பேர் சிரிக்கிற மாதிரி என்னடா சொன்னார்? கீழ் வீட்டு டீச்சர் கேட்கிறாள், எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அடுத்த கடிதத்தில் மறக்காமல் எழுது.

இங்கே எல்லோரும் சுகம். சாராவுக்கு நீலகிரித் தைலம் அனுப்பியிருக்கிறேன், முட்டியில் தேய்த்து வெந்நீர் ஒற்றடம் கொடுக்கச் சொல்.

அன்பு அக்கா,
பிரிஸில்லா


குன்னூர்
4.11.2024

சேசு மரி சூசை துணை

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் சுகம். ஆனால் உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. தீபாவளியும் போய்விட்டது. கல்லறைத் திருநாளுக்கு அப்பா அம்மா கல்லறைக்கு வெள்ளை அடித்து மெழுகுவர்த்தி வைத்தாயா? எப்போதும் அதை மட்டுமாவது எழுதுவாய்.

போனும் எடுப்பதில்லை. இனிப்பு வேண்டாம், நீ எப்படி இருக்கிறாய் என்று எழுது.

பிரிஸில்லா


ஆரணி
15.11.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நலமறிய ஆவல்.

கல்லறைக்குப் போனேன், மெழுகுவர்த்தி வைத்தேன். வேலை அதிகம், அதனால்தான் எழுதவில்லை.

பரசுராமன் வீட்டுக் கடிகாரத்தைப் பற்றிக் கேட்டிருந்தாய். அன்றைக்கு மணி கொஞ்சம் மாற்றி அடித்துவிட்டதாம். ஒன்பது மணிக்கு நாலு அடித்திருக்கிறது. பாஞ்சாலை கண்ணாடியைத் திறந்து துடைக்கும்போது முள்ளைத் தள்ளியிருப்பாள். தெரியாதவர்கள் கை வைத்தால் அப்படித்தான் ஆகும். அவள் வேலையை விட்டுப் போய்விட்டாள். அந்தப் பேச்சு முடிந்துவிட்டது, நீயும் அதைப் பற்றிக் கேட்டு எழுத வேண்டாம்.

பட்டன் போனையும் கொடுத்துவிட்டேன். எனக்கு அது தேவையில்லை.

சாரா சுகம்.

சவரிராஜ்


ஆரணி
2.12.2024

சேசு மரி சூசை துணை

அன்புள்ள அக்காவுக்கு,

சாரா எழுதுவது. உங்கள் தம்பிக்குத் தெரியாமல் எழுதுகிறேன். இத்தனை வருஷத்தில் அவருக்குத் தெரியாமல் நான் செய்கிற இரண்டாவது காரியம் இது. முதலாவது, எங்கள் கல்யாணப் படத்தில் அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்ததால் அதை ஒளித்துவைத்தது.

அக்கா, அவருக்குக் காது கேட்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகப் போய், இந்த வருஷம் ஏறக்குறைய முழுசாகவே போய்விட்டது. எதிரில் நின்று பேசினால் உதடு அசைவதைப் பார்த்துப் புரிந்துகொள்கிறார். யாரிடமும் சொல்லக்கூடாது என்று மாதா படத்தின் மேல் என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். ஓடுகிற சத்தத்தைக் கேட்டே கடிகாரத்துக்கு என்ன நோய் என்று சொல்கிறவர், காது போய்விட்டது என்று தெரிந்தால் யார் கடைக்கு வருவார்கள் என்ற பயம். பயத்தை விட வெட்கம்தான் பெரிது. போன் ஸ்பீக்கர் நன்றாகத்தான் இருந்தது. பக்கத்து வீட்டு சந்திரமோகன் இன்னும் இரண்டு பவர்லூம் போட்டிருக்கிறார், எனக்கு மத்தியானத்தில் கண் மூட முடியவில்லை. இவர் தெருவே அமைதியாகிவிட்டது என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறார். உங்களுக்கும் எழுதியிருப்பார்.

நிச்சயதார்த்தத்தன்று ஒன்பது மணிக்குக் கடிகாரம் நாலு அடித்தது. மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர், "நாலாயிடுச்சாம்ப்பா, டிபன் எடுத்து வைங்க" என்றாராம். அதற்குத்தான் கூடமே சிரித்தது. இவர் பாராட்டுகிறார்கள் என்று நினைத்து எழுந்து கும்பிடு போட்டிருக்கிறார். வீட்டுக்கு வந்து அதையே என்னிடம் நடித்துக் காட்டினார் அக்கா. மறுநாள் மார்க்கெட்டில் ஒரு பெண் என்னைப் பார்த்து, "நாலு மணி சம்சாரம் போவுது" என்று சொல்லித்தான் எனக்கே விஷயம் தெரிந்தது. அவர் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வேன்? சொல்லவில்லை. அந்தச் சந்தோஷம் அவருக்கு ஒரு வாரம் இருந்தது.

பிறகு பரசுராமன் கூப்பிட்டனுப்பினார். நானும் கூடப் போனேன். சம்பந்தி வீட்டார் முன்னால் அவமானமாகப் போய்விட்டது, எப்படி ஆயிற்று என்று கேட்டார். இவர் வெளுத்துப் போனார். அப்போதுதான் அந்தச் சிரிப்பு எதற்கு என்று இவருக்குப் புரிந்தது. அடுத்த நிமிஷமே, "யாரோ முள்ளைத் தொட்டிருக்காங்க" என்றார். ஸ்வர்ணலதா அம்மா, "பாஞ்சாலைதான் தினம் தொடைக்கிறா" என்றாள். இவர், "அப்ப அவங்கதான்" என்றார். பாஞ்சாலை அங்கேயே நின்றுகொண்டிருந்தாள். "நான் தொடலம்மா" என்றாள். இவரையே பார்த்தாள். இவர் தரையைப் பார்த்தார். ஸ்வர்ணலதா அம்மா எல்லோர் முன்னாலும் திட்டித் தீர்த்தாள். பாஞ்சாலை சாவிக்கொத்தை எடுத்துப் படியில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். இப்போது களம்பூரில் ஒரு ரைஸ் மில்லில் நெல் காயவைக்கிற வேலையாம்.

நானும் அங்கேதான் நின்றேன் அக்கா. வாயைத் திறக்கவில்லை. சத்தியம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இவர் சரியாகச் சாப்பிடுவதில்லை, கோயிலில் நற்கருணை வாங்கவும் எழுந்து போவதில்லை. நீங்கள் சொன்னால்தான் கேட்பார்.

தைலம் கிடைத்தது, வலி குறைந்திருக்கிறது. உங்கள் இடுப்பையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சாரா


குன்னூர்
9.12.2024

சேசு மரி சூசை துணை

டேய் சவரி,

சாரா எல்லாம் எழுதிவிட்டாள். அவளை ஒரு வார்த்தை கேட்டாய் என்று தெரிந்தால் அடுத்த பஸ்ஸில் வந்து இறங்குவேன்.

காது போனதற்கு அழுதேன். சோறு எடுத்து வைத்துவிட்டுச் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தேன். என்னிடம்கூடச் சொல்லாமல் மழை பெய்கிறது என்று சமாளித்தாயே, எத்தனை தவிப்பு தவித்திருப்பாய் என்று நினைத்து அழுதேன். டமாரம் என்று எழுதி நான் வேறு சிரித்திருக்கிறேன். அதைப் படித்தபோது உனக்கு எப்படி இருந்திருக்கும்! என்னை மன்னித்துவிடு.

ஆனால் இன்னொன்றுக்கு நான் அழவில்லை, எனக்குக் கோபம்தான் வருகிறது. காது கேட்காதது வெட்கப்பட வேண்டிய விஷயமே இல்லை. அந்தப் பெண் உன்னைப் பார்த்தபோது நீ தரையைப் பார்த்தாயே, அதுதான் வெட்கம். அதையும் விட, என்னிடம் அதே பொய்யை எழுதினாய். நான் நம்பினேன். எவளோ ஒருத்தி என் தம்பி பெயரைக் கெடுத்துவிட்டாள் என்று கீழ் வீட்டு டீச்சரிடம் அந்தப் பெண்ணைத் திட்டினேன். முகம் தெரியாத ஒரு பெண்ணைக் குன்னூரில் உட்கார்ந்துகொண்டு நானும் திட்டியிருக்கிறேன். நேற்று அந்த டீச்சரிடம் போய், தப்பு என் தம்பியுடையது என்று சொல்லிவிட்டு வந்தேன். படி ஏறி வருவதற்குள் எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போய்விட்டது. உனக்கு அதைவிட அதிகமாகத்தான் கூசும். கூசட்டும்.

பரசுராமன் வீட்டுக்குப் போ. உனக்குக் காது கேட்காது என்பதையும், முள்ளைத் தள்ளியது நீதான் என்பதையும் உன் வாயால் சொல். பிறகு களம்பூருக்குப் போ. சாராவை அனுப்பாதே, நீ போ. போய்விட்டு வந்து எனக்கு எழுது. அதுவரை எழுதாதே, நானும் எழுத மாட்டேன்.

உனக்காகத் தினமும் ஜெபமாலை சொல்கிறேன். சாப்பிடு.

உன் அக்கா,
பிரிஸில்லா


ஆரணி
8.1.2025

சேசு மரி சூசை துணை

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் அலனும் மருமகளும் சுகம் என்று நம்புகிறேன். சாரா சுகம். அவளை ஒன்றும் கேட்கவில்லை, தைரியமாக இரு. எனக்குக் காது கேட்காது. மற்றபடி நலம்.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் போக வேண்டும் என்றுதான் இருந்தேன். பெரிய தெரு முனை வரை போவேன், திரும்பி வந்துவிடுவேன். ஒருநாள் அப்படித் திரும்பும்போது பரசுராமனே ஸ்கூட்டரில் எதிரில் வந்துவிட்டார். ஏதோ கேட்டார். நான் வழக்கம்போல் தலையாட்டப் போனேன். பிறகு, "ஐயா, நீங்க சொன்னது எனக்குக் கேக்கல. எனக்குக் காது போய் ரொம்ப நாளாச்சு" என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஸ்வர்ணலதா அம்மாவும் பானுப்ரியாவும் இருந்தார்கள். கண்ணாடியைத் துடைத்ததால் எதுவும் ஆகவில்லை, அன்று காலை நான்தான் தப்பாக வைத்தேன் என்றேன்.

உனக்கும் சொல்லிவிடுகிறேன். எப்போதும் மேல்மூடியைக் கழற்றி, சுத்தியல் விழுவதைக் கண்ணால் பார்த்துத்தான் மணியை எண்ணுவேன். அன்று மூடியைச் சுற்றிப் பூ கட்டிவிட்டார்கள், கழற்ற முடியவில்லை. காலடியில் மேளம், அந்த அதிர்வில் மணியின் அதிர்வு கைக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு மணியிலும் நின்றேன், அடித்து முடித்திருக்கும் என்று நானே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டு முள்ளைத் தள்ளினேன். இரண்டும் மூன்றும் மட்டும் அடித்திருக்கிறது. மற்றதையெல்லாம் என் அவசரம் விழுங்கிவிட்டது. கேட்காது என்று ஒரு வார்த்தை சொல்லி, யாரையாவது பக்கத்தில் நின்று எண்ணச் சொல்லியிருக்கலாம். அந்த ஒரு வார்த்தைக்கு எனக்கு வாய் வரவில்லை.

பரசுராமன் நடந்துகொண்டே பேசவில்லை. எதிரில் உட்கார்ந்துகொண்டார். "அதுக்கு அந்தம்மாவ ஏன்யா சொன்ன?" என்றார். ஸ்வர்ணலதா அம்மா முகத்தை மூடிக்கொண்டாள். அவள் போன் செய்து பார்த்தாள், பாஞ்சாலை எடுக்கவில்லை. கடிகாரத்தைப் பெட்டியில் கை வைத்து, அதிர்வைப் பிடித்து, பானுப்ரியா எதிரில் நின்று விரலால் எண்ணிக் காட்டக் காட்ட, சரிசெய்து வைத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் களம்பூர் போனேன். மில் களத்தில் பெண்கள் வரிசையாக நெல்லைக் காலால் தள்ளிக்கொண்டு போய்க்கொண்டிருந்தார்கள். மிஷின் ஓடுவது தரை அதிர்வதில் தெரிந்தது. பாஞ்சாலை என்னைப் பார்த்துவிட்டு, வரிசை முடியும்வரை போய்த் திரும்பி, என் எதிரில் வந்து நின்றாள். எப்போதும் நிற்பது போலவே.

வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததைச் சொல்ல ஆரம்பித்தேன். எனக்குக் காது கேட்காது என்பதற்குள் அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"தெரியும். வந்த அன்னிக்கே தெரியும். பின்னால நின்னு காபி, காபின்னு கத்திகினு இருந்தேன், நீங்க திரும்பல. அதான் எதிர வந்து நின்னேன்" என்றாள். உதட்டை நிதானமாக அசைத்துச் சொன்னாள். "நிச்சயத்தன்னிக்கும் பாத்தேன். அது அடிச்சிகினு இருக்கச்சயே முள்ள தள்ளிகினு இருந்தீங்க. சொல்லலாம்னு வந்தேன், ஜனம் இருந்துச்சு, உங்க மானம் பூடும்னு வுட்டுட்டேன்."

அவளை மரியாதை தெரிந்தவள் என்று உனக்கு எழுதினேனே அக்கா, அது இதுதான்.

"அப்ப அந்த வீட்ல, நான் உங்கள சொன்னப்ப... ஏம்மா சொல்லல?" என்று கேட்டேன்.

"நான் இன்னாத்துக்குச் சொல்லணும்? உங்க வாய்லருந்து வரும்னு பாத்துகினு நின்னேன். நீங்க கீழ பாத்தீங்க."

மன்னிச்சிடுங்கம்மா என்றேன். "மன்னிச்சேன்னு இங்க சொன்னா, இந்த மிஷின் சத்தத்துல காது இருக்கறவனுக்கே கேக்காது. உங்களுக்கா கேக்கப்போவுது?" என்றாள். பக்கத்தில் இருந்த பெண்கள் சிரித்தார்கள். இந்த முறை எதற்குச் சிரிக்கிறார்கள் என்று எனக்குத் தெரிந்தது.

அந்த வீட்டில் உண்மையைச் சொல்லிவிட்டேன், திரும்பி வாருங்கள் என்றேன். அவளுக்கு அப்போதுதான் கோபம் முகத்தில் வந்தது. "நீங்க சொல்லி வெளிய வந்தேன். நீங்க சொல்லி உள்ள போவணுமா? ஸ்வர்ணம்மா இங்க வந்து கூப்புடட்டும், அப்புறம் பாக்கலாம்" என்றாள். அவ்வளவுதான், நெல்லுக்குத் திரும்பிவிட்டாள். ஸ்வர்ணலதா அம்மாவிடம் அதைச் சொல்லிவிட்டேன். போவதாகச் சொல்லியிருக்கிறாள், இன்னும் போகவில்லை.

தை பிறந்ததும் சாராவோடு வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போய்க் காதைக் காட்டுகிறேன். கடை வாசலில், எதிரில் நின்று பேசவும் என்று ஒரு அட்டை எழுதித் தொங்கவிட்டிருக்கிறேன். ஒருசிலர் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். ஒருசிலர் எதிரில் வந்து நின்றார்கள். இன்னும் கூச்சமாகத்தான் இருக்கிறது அக்கா, போகவில்லை.

ஒன்று சொல்லாமல் விட்டுவிட்டேன். களத்தை விட்டு வெளியே வந்து, ரோட்டுக்குப் போகிற வழியில் புளியமரத்தடியில் போய் நின்றேன். எதிரில் சுவரோரம் சாப்பிட்டுக்கொண்டிருந்த பெண்கள் என் முதுகுக்குப் பின்னால் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள், பதிலுக்குக் காத்திருப்பது போல. பின்னால் யாரோ என்னிடம் ஏதோ சொல்லியிருக்கிறார்கள் என்று தெரிந்தது. திரும்பினேன். தூரத்தில் கேட்டருகே பாஞ்சாலை நின்றுகொண்டிருந்தாள். அந்த வீட்டில் இருந்தவரை எதிரில் வந்தே பேசியவள். இப்போது என்ன சொல்லியிருப்பாள்? சாபமாகவும் இருக்கலாம், அதற்கு நான் தகுதிதான். என் வாய் தானாகச் சிரிக்கப் போனது அக்கா, அன்றைக்குக் கூடத்தில் சிரித்த அதே சிரிப்பு. கை கும்பிடக்கூட எழுந்துவிட்டது.

கையைக் கீழே போட்டுவிட்டு, அவளிடம் திரும்பி நடந்தேன். அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "எனக்குக் காது கேக்காதும்மா. இன்னொரு தரம் சொல்லுங்க" என்றேன்.

அவள் என் முகத்துக்கு எதிரில் வந்தாள். "ஆரணி பஸ்ஸு அங்க நிக்காது. இங்க, கேட்டுக்கு எதிர நில்லுங்க" என்றாள்.

அங்கேயே நின்றேன். பஸ் வந்தது.

உன் தம்பி,
சவரிராஜ்